இருப்பு: இல்லை

ஸ்மார்ட் மீட்டர் போட்டுக்கொள்வதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒரே பதில்தான் சொல்கிறேன். உங்கள் வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதற்கு வேறு சாட்சி இருந்தால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சக்கரம் சுற்றுகிற பழைய மீட்டரே போதும். அது சுற்றும், நிற்கும். உங்களைப் பற்றி அதற்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது.

நான் இப்படிப் பேசுவதற்குக் காரணம் எதிர்வீட்டு சுவிட்ச் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு, ஆனால் அது அவருக்கே யோசித்தால்தான் ஞாபகம் வரும். எரிகிற விளக்கையோ ஓடுகிற விசிறியையோ கண்டால் அவர் கை தானாகப் போய் அணைத்துவிடும். யார் வீடு, உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கைக்குத் தெரியாது. ஒருமுறை முடிவெட்டும் கடையில் காத்திருந்து அலுத்துப்போய், எழுந்து வெளியே வருகிற வழியில் விளக்கை அணைத்துவிட்டு வந்தார். உள்ளே ஒருவருக்கு மீசையைச் சீர் செய்துகொண்டிருந்தார்கள். அந்த மனிதர் இன்றும் பாதி மீசை விவகாரத்தை மறக்கவில்லை. என் வீட்டுக்கு வந்தாலும் இதே கதைதான். சுவாரசியமாகப் பேசிக்கொண்டிருப்பார், எனக்கு வியர்க்கும், நிமிர்ந்து பார்த்தால் விசிறி நின்றிருக்கும்.

உத்தியோகம், மின்துறைத் தலைமை அலுவலகத்தில் லிஃப்ட் ஆபரேட்டர். எட்டு மாடிக் கட்டடம். இருபத்திரண்டு வருஷமாக மின்துறையின் மொத்த அதிகாரத்தையும் காலையில் மேலே ஏற்றி, மாலையில் கீழே இறக்குகிறவர் அவர்தான். லிஃப்ட் பழையது, சாவி போட்டுத் திருகினால்தான் நகரும். உள்ளே ஒரு தகரப் பலகையில் சிவப்பு எழுத்தில் இப்படி எழுதியிருக்கும்: ‘இயக்குபவர் இன்றி இந்த மின்தூக்கி இயங்கக் கூடாது. மீறி இயங்கினால் பொறுப்பான அதிகாரி மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’ தினமும் அந்தப் பலகையைத் துணியால் துடைத்த பிறகுதான் அண்ணன் வேலையைத் தொடங்குவார். அந்த அலுவலகத்தில் அவரைப் பற்றி எழுதப்பட்ட ஒரே வாக்கியம் அது.

அண்ணி, அதாவது அவர் மனைவி, வீட்டிலேயே கோழிக்குஞ்சு பொரித்து விற்கிறவர். பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை. ஒரு தெர்மாகோல் பெட்டி, உள்ளே நாற்பது வாட் பல்ப், ஒரு தெர்மாமீட்டர், ஒரு கிண்ணத்தில் தண்ணீர். இருபத்தொரு நாள் பல்ப் அணையாமல் எரிந்தால் முட்டை குஞ்சாகும். இதை எங்கே வைத்து நடத்தினார் என்று பாருங்கள், உலகத்திலேயே விளக்கு அணைப்பதில் முதல் ஆளான மனிதரோடு ஒரே கூரைக்குக் கீழே.

போன தடவை முப்பது முட்டை. பதினோராம் நாள் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அண்ணனின் கை அதன் வழக்கப்படி நடந்துகொண்டது. சாயங்காலம் அண்ணி பெட்டியைத் தொட்டுப் பார்த்தபோது சில்லென்று இருந்தது. அதன் பிறகு ஒரு மாசம் அவர் அண்ணனோடு பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகு, பேசாத அந்த மாசத்தை நினைத்து அண்ணன் ஏங்கினார்.

இந்தத் தடவை நாற்பத்திரண்டு முட்டை வைப்பதாக ஏற்பாடு. பெட்டி பல்பின் சுவிட்ச் மேல் அண்ணி செல்லோடேப் ஒட்டி, பக்கத்தில் ஒரு காகிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தார்: ‘இதைத் தொட்டால் நான் அக்கா வீட்டில்.’ அண்ணி விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. அண்ணனுக்கும் அது தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் தெரு முனையில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, மின்துறையின் தலைமைப் பொறியாளரே நேரில் வந்து ஸ்மார்ட் மீட்டரின் பெருமையைப் பேசினார். கனத்த உடம்பு, இரண்டு முழங்காலிலும் வலி. மேடைக்கு இருந்த மூன்று படியையே மூன்று தவணையாக ஏறினார்.

“அன்பான நுகர்வோரே! இதுவரைக்கும் உங்க வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு எங்களுக்குத் தெரியாது. எங்க ஆள் எப்பவாவது வந்து ஒரு நம்பரை எழுதிட்டுப் போவார். அதையும் சில சமயம் பக்கத்து வீட்டு மீட்டரைப் பார்த்து எழுதிட்டுப் போவார். உங்களைப் பத்தி ஒண்ணும் தெரியாததால உங்களுக்கு முறையா தொந்தரவு குடுக்க முடியாம இருந்தோம். இனிமே அந்தக் குறை இருக்காது. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை உங்க மீட்டர் எங்ககிட்ட பேசும். உங்ககிட்ட பேசாது. உங்ககிட்ட பேசற பழக்கம் எங்க துறையில கிடையாது.”

பலமான கைதட்டல். தையற்கடைக்காரர் எழுந்து, “சார், இதை மாட்டிக்கிட்டா எங்களுக்கு என்ன லாபம்?” என்று கேட்டார்.

“ரொம்ப நல்ல கேள்வி. இதுவரைக்கும் யாருமே கேட்கலை. அதனால நாங்க பதில் தயார் பண்ணலை,” என்றார் தலைமைப் பொறியாளர். பக்கத்தில் நின்ற உதவியாளர் காதில் ஏதோ சொன்னார். “ஆங், நட்சத்திரம்! கரண்ட்டை எவ்வளவு குறைவா செலவு பண்றீங்களோ, அவ்வளவு நட்சத்திரம் உங்க போனுக்கு வரும். மொத்தம் அஞ்சு.”

“அஞ்சு வந்தா என்ன சார் தருவீங்க?”

“அஞ்சு நட்சத்திரம் தந்துட்டோமே. அதுக்கு மேல என்னத்தைத் தரது?”

கட்டாயம் ஒன்றும் இல்லை, விருப்பம் உள்ளவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். விருப்பம் உள்ளவர் எங்கள் தெருவில் ஒரே ஒருவர்தான் இருந்தார். கூட்டம் முடிந்ததும் அவர் தூக்கின கையாலேயே பந்தல் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

மீட்டர் வந்து உட்கார்ந்த மறுநாளிலிருந்து அந்த வீட்டில் மின்சாரம் என்பது விருந்தாளிக்குக்கூடக் கிடைக்காத பொருளானது. இஸ்திரிப் பெட்டி பரணுக்குப் போனது, சட்டைகள் மெத்தைக்கு அடியில் படுத்து மடிப்பு வாங்கின. ஃபிரிட்ஜை அணைத்து அதில் துணி அடுக்கினார்கள். மிக்ஸியைப் பழைய துணியில் சுற்றிக் கட்டி வைத்தார்கள். டி.வி. பார்க்க வேண்டுமென்றால் அண்ணன் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் வீட்டு ஜன்னல் வழியாக என் டி.வி.யைப் பார்ப்பார். “கொஞ்சம் சவுண்டு வைங்க தம்பி” என்று அங்கிருந்தே கேட்பார். போனை மட்டும் ஆபீசில் சார்ஜ் போட்டுக்கொள்வார்.

ஒரு நட்சத்திரம் வந்தது. பிறகு இரண்டு, மூன்று. நாலாவது நட்சத்திரம் வந்த அன்று அண்ணி பெட்டியில் முட்டைகளை அடுக்கி, காலண்டரில் ஒன்று என்று எழுதினார். அந்த வீட்டில் இப்போது எரிந்துகொண்டிருந்தது பெட்டிக்குள் இருந்த அந்த ஒரே பல்ப்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணன் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொள்வார்.

“ஏம்மா, பகல்ல மட்டும் பெட்டியைத் தூக்கி வெயில்ல வெச்சா ஆகாதா?”

“உங்களைத் தூக்கி வெயில்ல வெச்சா ஆகுமா?”

அத்தோடு அவர் பேச்சை விட்டுவிட்டார். ஐந்தாவது நட்சத்திரமும் வந்தது.

முட்டைக்கு எட்டாம் நாள். அண்ணனின் போனில் மின்துறையிடமிருந்து இரண்டே சொல்லில் ஒரு செய்தி: ‘இருப்பு: இல்லை.’

அண்ணன் பூரித்துப்போனார். மிட்டாய் வாங்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். “பாத்தீங்களா தம்பி, நம்ம பேர்ல ஒரு பைசா நிக்கலை. மெஷினே சொல்லுது, இருப்பு இல்லைன்னு!” நான் பாடப்புத்தகம் அச்சடிக்கிற இடத்தில் பிழை திருத்துகிறவன். பிழைதான் என் பிழைப்பு. இருப்பு வேறு, பாக்கி வேறு ஆயிற்றே என்று எனக்கு உறுத்தியது. ஆனால் வாயில் மிட்டாய் இருந்தது, பேசாமல் இருந்துவிட்டேன். இன்றுவரை அதற்காக வருந்துகிறேன்.

மறுநாள் காலை அண்ணன் வீட்டுக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ‘தங்கள் இல்லத்தில் ஆளிருப்பு இல்லை எனக் கருவி கண்டறிந்துள்ளது. ஆளில்லா இல்லத்துக்கு மின்சாரம் தேவையில்லை ஆதலால், இன்றிலிருந்து பதினோராம் நாள் முற்பகல் பதினொரு மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும். இவண், இல்லாத தங்களின் நலம் நாடும், மின்துறை.’

விஷயம் இதுதான். ஆங்கிலத்தில் இரண்டு தனித்தனிச் சொற்கள் இருந்திருக்கின்றன. கையில் மீதம் என்ன என்பதற்கு ஒன்று, வீட்டில் ஆள் உண்டா என்பதற்கு ஒன்று. மின்துறையின் மொழிபெயர்ப்புக் குழு ஏழு மாதம் கூடி ஆராய்ந்து இரண்டுக்கும் ‘இருப்பு’ என்று போட்டுவிட்டது. ஒரு சொல் மிச்சமானதற்காகக் குழுவுக்குப் பாராட்டு விழாவும் நடந்ததாம்.

அண்ணி அறிவிப்பைப் படிக்கவில்லை. காலண்டரைத்தான் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். “பதினோராம் நாள்னா இருபதாம் நாள். குஞ்சு பொரியறது இருபத்தொண்ணு.” அண்ணனை ஏறிட்டுப் பார்த்தார். “ஒரே ஒரு நாள்ங்க. கடைசி நாள் சூடு போச்சுன்னா உள்ளேயே விறைச்சுப் போயிடும். நாற்பத்திரண்டு உசிரு. இந்தத் தடவை நீங்க அணைக்கலைன்னாலும் உங்க மீட்டர் அணைக்குது. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

பெட்டியை என் வீட்டுக்குக் கொண்டு வரலாம் என்றேன். என் வீட்டில் மூன்று பூனைகள். மற்ற வீடுகளில் பூனையைவிட மோசமான பிள்ளைகள். என் வீட்டிலிருந்து தெருவைத் தாண்டி ஒயர் இழுக்கலாம் என்றால் அது தனிக் குற்றம். ஆகவே பொழுது விடிந்ததும் நான் ஒரு மனு எழுதினேன். ‘நான் இருக்கிறேன் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று தொடங்கியது. அண்ணன் தன் லிஃப்ட்டிலேயே தன்னை ஏற்றிக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

இரண்டாம் மாடியில் குமாஸ்தா அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தார். அரை மணி முன்பு அதே லிஃப்ட்டில் வந்தவர். மனுவை வாங்கிப் படித்ததும் சிரிப்பு நின்றது.

“இதுல கையெழுத்துப் போட்டவர் நேர்ல வரணுமே.”

“நான்தாம்மா அது.”

கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். “இல்லையே. நீங்க இல்லைன்னு வருது.”

“தினமும் காலையில உங்களை ஏத்திட்டு வரேனே அம்மா!”

“லிஃப்ட்டுல நீங்க இருக்கீங்க லிஃப்ட்டுக்காரரே, அதை நான் மறுக்கலை. வீட்டுல இல்லை. இல்லாதவர் மனுவை வாங்கினா நாளைக்கு ஆடிட்ல என்னைக் கேப்பாங்க. ஒண்ணு பண்ணுங்க, நீங்க வீட்டுல இருக்கீங்கன்னு வீட்டுல யாராவது ஒருத்தரை எழுதித் தரச் சொல்லுங்க.”

“என் சம்சாரம் எழுதித் தருவா.”

அம்மா மறுபடி தட்டினார். “அவங்களும் இல்லையே.”

கடைசியில் ஆய்வாளரை அனுப்பிப் பார்க்கச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். அவர் வந்தது முட்டைக்குப் பன்னிரண்டாம் நாள். கதவைத் தட்டினார், அண்ணன் திறந்தார். “வாங்க, வாங்க” என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். அண்ணி பானைத் தண்ணீர் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, மீட்டரைப் பார்த்துவிட்டு, ஆய்வாளர் படிவத்தில் எழுதினார்: ‘நேரில் சென்று பார்த்ததில் வீட்டில் எவரும் இல்லை.’

“ஐயா, நான் உங்க எதிரில உட்கார்ந்திருக்கேன்!”

“தெரியுதுங்க. தண்ணிகூட நல்லா சில்லுன்னு இருந்துது. ஆனா கண்ணால பாக்கறதை எழுத எங்களுக்கு அதிகாரம் கிடையாது. மீட்டர் பாக்கறதைத்தான் எழுதணும். போன வருஷம் ஒருத்தர் கண்ணால பார்த்து எழுதி, இப்போ அவர் வேற ஊர்ல இருக்கார்.” தன் கையிலிருந்த சின்னத் திரையை எங்களிடம் காட்டினார். அதில் ஓரத்துக்கு ஓரம் ஒரே நேர்கோடு. “நீங்களே பாருங்க. ராவும் பகலும் நாற்பது வாட். ஏறலை, இறங்கலை. இது என்ன? யாரோ வீட்டைப் பூட்டிட்டுப் போகும்போது அணைக்க மறந்த ஒரு பல்ப்.”

சுவிட்ச் அண்ணன் தன் வாழ்நாளில் பட்ட பெரிய அவமானம் அதுதான் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். “நானாடா அணைக்க மறப்பேன்?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் என்னை ‘டா’ போட்டது அந்த ஒருமுறைதான்.

போகும்போது ஆய்வாளர் மனமிரங்கி ஒரு யோசனை சொன்னார். “மனுஷன் மாதிரி கொஞ்சம் செலவு பண்ணுங்க. கோடு மேல ஏறட்டும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் நடந்ததை எங்கள் தெரு மறக்காது. பரணிலிருந்து இஸ்திரிப் பெட்டி இறங்கியது. தையற்கடைக்காரர் தன் மோட்டார் மெஷினைக் கொண்டு வந்தார். நான் என் வாட்டர் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். யார் யாரோ மிக்ஸி, டேபிள் ஃபேன், கூந்தல் உலர்த்தி எல்லாம் கொண்டு வந்தார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடின. மிக்ஸியில் போட ஒன்றும் இல்லாததால் வெறும் தண்ணீரை அரைத்தோம். அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் கை இரண்டையும் அண்ணி பிடித்துக்கொண்டார். கண்ணை இறுக மூடியிருந்தார் மனிதர். ஒவ்வொரு சுவிட்ச் போடும் சத்தத்துக்கும் அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

கோடு ஏறத்தான் செய்தது. செவ்வாய்க்கிழமை இரண்டாவது அறிவிப்பு வந்தது. ‘ஆளில்லாத் தங்கள் இல்லத்தில் அடையாளம் தெரியாத நபர் புகுந்து பெருமளவில் மின்சாரம் திருடிவருவது கண்டறியப்பட்டுள்ளது. தாங்கள் நேரில் வந்து புகார் அளிக்கவும். தாங்கள் இல்லாத பட்சத்தில் இதைப் பொருட்படுத்த வேண்டாம்.’

ஆய்வாளரிடம் ஓடினோம். அவர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “தப்புப் பண்ணிட்டீங்களே. நாள் பூரா ஏறிக்கிட்டே போயிருக்கு, நடுவில ஒரு நிமிஷம்கூட இறங்கலை. சொந்த வீடா இருந்தா ஒருத்தனுக்கு எதையாவது அணைக்கத் தோணும். திருடன் எதுக்குங்க அணைக்கப் போறான்?”

அண்ணன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

இனி எட்டாம் மாடிதான். பத்தொன்பதாம் நாள் மத்தியானம் தலைமைப் பொறியாளர் எங்களை விசாரணைக்குக் கூப்பிட்டார். அவரைக் கீழிருந்து மேலே ஏற்றி வந்ததே அண்ணன்தான். ஏற்றி இறக்கிவிட்டு, லிஃப்ட்டைப் பூட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அவர் எதிரில் நின்றார்.

“இங்க பாருய்யா,” என்று தலைமைப் பொறியாளர் கனிவாகவே தொடங்கினார். “இருபத்திரண்டு வருஷமா உன்னைப் பாக்கறேன். தங்கமான மனுஷன். உன்மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா மீட்டர் மேல அதைவிட அதிகமா இருக்கு, ஏன்னா அதை நான் விலை குடுத்து வாங்கியிருக்கேன். மீட்டர் தப்புன்னு சொன்னா வாங்கினது தப்புன்னு ஆகும். வாங்கினது தப்புன்னா வாங்கினவன் தப்புன்னு ஆகும். ஒரு தனிமனுஷன் இருக்கறதுக்காக ஒரு துறையே தப்பாகறது நியாயமா?”

“சார், நாற்பத்திரண்டு முட்டை இருக்கு சார். நாளன்னைக்குப் பொரிஞ்சிடும். ஒரே ஒரு நாள் தள்ளிப் போடுங்க சார்.”

“எப்படித் தள்ளறது? தள்ளிவைக்கக் கோரும் விண்ணப்பத்தை வீட்டுக்காரர்தான் குடுக்கணும். நாளைக்குப் பதினொரு மணிக்கு இந்த மாடியில பட்டன் ரூம்ல நான் கட்டைவிரல் வைப்பேன், அங்க உன் வீட்டுல கரண்ட் போகும். முன்னே மாதிரி ஏணி, கட்டிங் பிளேயர், ஆள் எதுவும் வேண்டாம். அதுதான் ஸ்மார்ட். இன்னொண்ணும் சொல்லிடறேன், எல்லாத்தையும் இப்போ ஒருங்கிணைச்சுட்டோம். ஒருத்தன் ஒரு இடத்துல இல்லைன்னா எல்லா இடத்துலயும் இல்லை. முன்னே மாதிரி ஒரு ஆபீஸ்ல செத்தவன் இன்னொரு ஆபீஸ்ல உசிரோட இருக்கற குழப்பமெல்லாம் இனி கிடையாது.”

உத்தரவில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, பிரதி ஒன்றை அண்ணன் கையிலேயே கொடுத்தார். ‘மேற்படி நபர் மேற்படி முகவரியில் இல்லை. ஒருங்கிணைப்பின்படி எங்கும் இல்லை. இவ்வுத்தரவு உடனடியாக அமலுக்கு வருகிறது.’ அண்ணன் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. வாழ்நாளெல்லாம் மின்சாரத்தை மிச்சம் பிடித்த மனிதர் ஒருவரைக் கடைசியில் மிச்சமே இல்லாமல் ஆக்கிவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கீழே இறங்கும்போது லிஃப்ட்டில் நாங்கள் இருவர்தான். அண்ணன் உத்தரவை ஒருமுறை படித்தார். பிறகு நிமிர்ந்து, தினமும் துடைக்கிற அந்தத் தகரப் பலகையைப் படித்தார். மறுபடி உத்தரவைப் படித்தார். நாலாம் மாடி தாண்டும்போது அவர் முகத்தில் பல நாளாகக் காணாமல் போயிருந்த ஒரு களை வந்தது.

மறுநாள் காலை நான் லீவு போட்டுவிட்டு அங்கே போய் நின்றேன். பத்து மணிக்குத் தலைமைப் பொறியாளர் வந்தார். லிஃப்ட் கதவு திறந்திருந்தது. உள்ளே அண்ணன் கைகட்டி நின்றார்.

“எட்டு,” என்றார் தலைமைப் பொறியாளர்.

லிஃப்ட் அசையவில்லை.

“என்னய்யா, ரிப்பேரா?”

அண்ணன் வாயே திறக்காமல் உத்தரவின் பிரதியை நீட்டினார். மற்றொரு கையால் தகரப் பலகையைக் காட்டினார். இயக்குபவர் இன்றி இயங்கக் கூடாது. தலைமைப் பொறியாளர் இரண்டையும் படித்தார். முகம் சிவந்தது.

“இது வீட்டுக்குப் போட்ட உத்தரவு!”

“ஒருங்கிணைச்சுட்டீங்களே சார்,” என்றேன் நான்.

இதற்குள் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. இரண்டாம் மாடிக் குமாஸ்தா அம்மா மாத்திரம் நிலைமையைப் பார்த்துவிட்டுப் படியேறிப் போனார். தலைமைப் பொறியாளர் கர்ஜித்தார். “இப்ப நீ லிஃப்ட்டை எடுக்கலைன்னா உன் மேல நடவடிக்கை எடுப்பேன்!”

அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். மிகவும் பணிவாகக் கேட்டார். “யார் மேல சார்?”

தலைமைப் பொறியாளர் விறுவிறுவென்று படிக்கட்டுப் பக்கம் போனார். முதல் மாடி வரைக்கும் அவர் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் முனகல்தான் கேட்டது. ஒன்றரையாவது மாடியில் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். பத்தே முக்காலுக்கு இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அவரை மறுபடி தரைத்தளத்துக்குக் கொண்டு வந்தார்கள். ஏறினதைவிட இறங்கினது அவருக்கு அதிக வலி.

“யோவ், நீ இருக்கே. எனக்குத் தெரியும் நீ இருக்கே,” என்றார், கெஞ்சுகிற குரலில்.

“எழுத்துல குடுத்துடுங்க சார்.”

காகிதம் வந்தது. முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினார், நிறுத்தினார். இருக்கிறார் என்று எழுதினால் மீட்டர் பொய் என்று ஆகும். இல்லை என்று எழுதினால் எட்டு மாடி. சற்று நேரம் பேனாவைக் கடித்தார். கடைசியில், ஒரு துறையைத் தலைமையேற்று நடத்துகிறவரால் மட்டுமே எழுத முடிகிற வாக்கியத்தை எழுதினார்: ‘அலுவலக நேரமான காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை மட்டும் மேற்படி நபர் இருக்கிறார்.’

அண்ணன் அதைப் படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாவியைத் திருகினார். லிஃப்ட் கிளம்பியது. மூன்றாம் மாடி தாண்டும்போது நான் மெதுவாக, “சார், பதினொரு மணிக்கு இவர் இருக்கார். இருக்கறவர் வீட்டுல எப்படி சார் கரண்ட்டை நிறுத்துவீங்க?” என்று கேட்டேன்.

“அஞ்சு மணிக்கு மேல நிறுத்திட்டாப் போச்சு.”

“அஞ்சு மணிக்கு பட்டன் ரூமைப் பூட்டிடுவீங்களே சார்.”

எட்டாம் மாடி வரும்வரை யோசித்தார். கதவு திறந்ததும் முகம் மலர்ந்தது. “அப்போ பிரச்சினையே தீர்ந்துபோச்சு! பாத்தியா? இவ்வளவு சிக்கலான விஷயத்தை இவ்வளவு சுமுகமா எங்க துறையாலதான் தீர்க்க முடியும்.” நொண்டிக்கொண்டே போனார். அண்ணன் அவர் தலை மறையுமுன் லிஃப்ட் விசிறியை அணைத்தார்.

இருபத்தோராம் நாள் காலை அந்தச் சின்ன அறையில் நாங்கள் மூவரும் பெட்டியைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்திருந்தோம். முதல் முட்டையில் ஒரு கீறல் விழுந்தது. உள்ளிருந்து ஒரு மூக்கு தட்டியது. பிறகு அங்கே ஒன்று, இங்கே ஒன்று. மத்தியானத்துக்குள் முப்பத்தொன்பது குஞ்சுகள், ஈரமும் நடுக்கமுமாக, ஒரே கீச்சுக் கீச்சு. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அண்ணனும் அழுதார், மறைக்கக்கூட இல்லை. “முப்பத்தொன்பதும்மா! முப்பத்தொன்பது!” என்று அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“அக்கா வீட்டுக்குப் போகலையே?”

“போகலை, போகலை. போய் தையற்கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு வாங்க.”

அண்ணன் துள்ளி எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்த முகமாக வாசற்படி வரை போனார், போகிற போக்கில் கை நீண்டது, செல்லோடேப்போடு சேர்த்து சுவிட்சை அணைத்தது.

பெட்டி இருண்டது. கீச்சுச் சத்தம் நின்றது.

“ஏங்க!”

அண்ணி போட்ட சத்தத்தில் என் வீட்டுப் பூனைகள் மூன்றும் ஓடிவிட்டதாக அப்புறம் கேள்விப்பட்டேன். அண்ணன் பாய்ந்து வந்து சுவிட்சைப் போட்டார். பல்ப் எரிந்தது. குஞ்சுகள் ஒரு கணம் யோசித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கத்தத் தொடங்கின. அண்ணன் சுவரோடு சுவராக நின்று தன் கையைத் தானே அடித்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் சட்டைப் பையில் போன் மணி அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். மின்துறையிலிருந்து செய்தி.

‘இருப்பு: உண்டு.’

நான் அதை உரக்கப் படித்தேன். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு குஞ்சை உள்ளங்கையில் ஏந்தி பல்புக்குப் பக்கத்தில் விட்டுக்கொண்டே சொன்னார்:

“இருக்கார், இருக்கார். பல்பை அணைச்சுட்டு நிக்கறார் பாருன்னு பதில் போடுங்க.”